ஆதாரம் சாரும் நொச்சிக்குளமும்

உலகத்தில் எதையுமே நம்பாத மனிதர் ஒரே ஒருவர்தான் உண்டு. அவர் மாடம்பாக்கத்தில், எங்கள் வீட்டுக்கு நேர் மேலே இரண்டாவது மாடியில் குடியிருந்தார். மற்ற சந்தேகப் பிராணிகள் எல்லாம் ஏதோ ஒரு இடத்தில் போய் நம்பிவிடுவார்கள். ஜோசியரை நம்புவார்கள், மச்சானை நம்புவார்கள், கடைசிக்கு மழை வருமா என்று செல்போனையாவது நம்புவார்கள். இவர் மழையில் நனைந்துகொண்டே கையை நீட்டிப் பார்க்கிற ரகம்.

அவர் வீட்டு வாசலில் ஒரு பெயர்ப்பலகை இருந்தது. அதில் இருந்த பெயர் அவருடையதுதான் என்பதற்கு என்னிடம் சான்று இல்லாததால் இங்கே எழுதவில்லை. எங்கள் அடுக்ககத்தில் எல்லோருக்கும் அவர் ஆதாரம் சார். யார் எதைச் சொன்னாலும் தலையை லேசாகச் சாய்த்து, "ஆதாரம்?" என்று கேட்பார். கோபமாகக் கேட்கமாட்டார். பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்வதுபோல மிக மரியாதையாகக் கேட்பார்.

நாற்பதைத் தாண்டிய மனிதர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் வீட்டார் சொன்ன தகவல்களைச் சரிபார்க்கப் போய் வரன்கள் நழுவிவிட்டதாக ஒரு பேச்சு உண்டு. திருமுடிவாக்கத்தில் ஒரு இன்ஜினியரிங் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. செய்து வருகிற இரும்புத் துண்டுகளை அளந்து பார்த்து, 'ஆகாது' என்று தள்ளுவதற்குச் சம்பளம். பிடித்த வேலையே சோறு போடுகிற கொடுப்பினை எத்தனை பேருக்கு வாய்க்கும்?

எங்கள் வாட்ச்மேன் எத்திராஜ் காலையில் கீழே நின்று குரல் கொடுப்பான். "சார், மெட்ரோ தண்ணி வந்துகினு கீது!"

மேலேயிருந்து தலை எட்டிப் பார்க்கும். "யார் சொன்னா?"

"நான்தான் சார் சொல்றேன்."

"நீ பாத்தியா, இல்ல சத்தம் கேட்டியா?"

"சத்தம் கேட்டுச்சு சார்."

"சத்தம் காத்துக்கும் வரும் எத்திராஜ். கைய வெச்சுப் பாத்துட்டுச் சொல்லு."

எத்திராஜ் தொட்டிக்குள் கையை விட்டு, ஈரக் கையை மேலே தூக்கிக் காட்டுவான். அதன் பிறகுதான் ஆதாரம் சார் மோட்டாரைப் போடுவார். "இன்னா பேஜார் சார் இது" என்று எத்திராஜ் என்னிடம் புலம்புவது வழக்கமாகிவிட்டது.

கோவளம் பக்கத்திலிருந்து மொபெட்டில் மீன் கொண்டுவரும் அக்காவிடமும் இதே கதைதான். "இன்னிக்குப் புடிச்ச மீனு சார்" என்றாள் ஒருநாள். இவர் தலையைச் சாய்த்தார். அவள் ஒரு சங்கராவை வாலைப் பிடித்துத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே நீட்டி, "தோ, அதையே கேட்டுக்கோ" என்றாள். இவர் நிஜமாகவே குனிந்து மீனின் கண்ணைப் பார்த்தார், செவுளை விரித்துப் பார்த்தார், அப்புறம் வாங்காமல் போய்விட்டார். அவர் சுத்த சைவம்.

குன்றத்தூர் மலைக்கு நாங்கள் எல்லோரும் சேர்ந்து போனபோது படிகளை எண்ணிக்கொண்டே ஏறினார், எண்ணிக்கொண்டே இறங்கினார். இரண்டு கணக்கும் ஒத்துவரவில்லை. முருகனைப் பார்த்த திருப்தி எங்களுக்கு இருந்தது. அவர் வேன் புறப்படும் வரை மலையையே முறைத்துக்கொண்டிருந்தார்.

ஆனால் ஒரு நல்ல குணம். கோடையில் என் மனைவி வசந்தா மொட்டை மாடியில் வடாம் காயப்போட்டால், ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே வந்து நாற்காலி போட்டுக் காவல் இருப்பார். "காக்கா மேல எனக்கு நம்பிக்கை இல்ல மேடம்" என்பார். இந்த வடாமை வாசகர்கள் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வருகிறது.

இனி என் கதைக்கு வருகிறேன். கிண்டியில் ஒரு அலுவலகத்தில் காலம் தள்ளிவிட்டு ஓய்வு பெற்ற புதிது. வீட்டில் சும்மா இருக்கிற ஆண்பிள்ளை எவ்வளவு பெரிய இடைஞ்சல் என்பது எனக்குத் தெரியாது, வசந்தாவுக்குத் தெரிந்தது. அப்போதுதான் இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியம் இருப்பதையும், அதில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், திருத்தலாம் என்பதையும் படித்தேன். யார் வேண்டுமானாலும் என்றால் நானும்தானே! 'குளத்தங்கரையான்' என்று ஒரு பயனர் பெயர் வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 'தொகு' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதைத் தட்டினால் பக்கம் திறந்து கொடுக்கும், எழுதிச் சேமித்தால் உலகம் முழுக்கத் தெரியும். தாம்பரம் பற்றிய பக்கத்தைத் திறந்து, 'தாம்பரத்தின் காற்று உடம்புக்கு மிகவும் நல்லது' என்று சேர்த்தேன். வசந்தாவைக் கூப்பிட்டுக் காட்டுவதற்குள் அந்த வரியைக் காணோம். பக்கத்துக்குப் பக்கம் 'வரலாறு' என்று இன்னொரு இடம் உண்டு, யார் எப்போது எதை மாற்றினார்கள் என்பது அங்கே பதிவாகியிருக்கும். போய்ப் பார்த்தேன். 'ஊசிமுனை' என்ற பயனர் என் வரியை நீக்கிவிட்டு, காரணமும் எழுதியிருந்தார்: 'சான்று இல்லை. எழுதியவர் ஜி.எஸ்.டி. சாலைப் புகையில் நின்று பார்த்ததில்லை போலும்.'

சரி, ஊர் பொது, போகட்டும் என்று விட்டேன். மாடம்பாக்கம் சிவன் கோயில் பக்கத்தில் 'மனதுக்கு அமைதி தரும் இடம்' என்று சேர்த்தேன். 'யார் மனதுக்கு?' என்று கேட்டு நீக்கினார் ஊசிமுனை.

அப்போதே நான் விட்டிருக்கலாம். ஆனால் அடுத்து நான் எழுதப் போனது நொச்சிக்குளம் பற்றி. அதில் என் குடும்பமே மாட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் அடுக்ககத்துக்குப் பின்னால் இருக்கிறதே, அதுதான் நொச்சிக்குளம். பெரிதாக ஒன்றும் இல்லை. நாலு நாரை வரும், சாயந்திரம் கரையில் நடக்கலாம். கோடையிலும் எங்கள் கிணற்றில் தண்ணீர் இருக்கிறதென்றால் அதன் புண்ணியம். இந்த அடுக்ககம் இருக்கும் மனையில்தான் என் மாமனார் தணிகாசலத்தின் பழைய வீடு இருந்தது. தபால் ஆபீசில் கிளார்க்காக இருந்தவர். முப்பது வருஷத்துக்கு முன்னால், யாரோ ஒரு மனை வியாபாரி இடிபாட்டு மண்ணை லாரியில் கொண்டுவந்து குளத்தைத் தூர்க்கப் பார்த்தானாம். என் மாமனார் ஒரு மடக்கு நாற்காலியை எடுத்துப்போய் லாரிக்கு முன்னால் போட்டு, பேப்பர் படித்தபடி உட்கார்ந்துவிட்டாராம். நாள் பூரா எழுந்திருக்கவில்லையாம். கடைசியில் லாரி திரும்பிப் போயிற்றாம்.

'ஆம்', 'ஆம்' என்று போடுகிறேனே, அதில்தான் விஷயமே இருக்கிறது. இந்தக் கதையை நேரில் பார்த்தவர்கள் எங்கள் குடும்பத்தில் யாரும் மிஞ்சவில்லை. வசந்தா அப்போது திருச்சியில் ஹாஸ்டலில் இருந்தாள். அவள் தம்பி, அதாவது என் மச்சினன், அன்றைக்கு ஸ்கூல் டூர் போயிருந்தான். எல்லாம் மாமனார் தம் வாயால் சொன்னதுதான்; மாமியார் போய்ச் சேரும் வரை அதைப் பற்றி வாயே திறந்ததில்லை. அவர் கொஞ்சம் தாராளமாகப் பேசுகிறவர். குரோம்பேட்டையில் இருக்கும் மச்சினன் இன்றைக்கும் எந்த விசேஷத்துக்கு வந்தாலும், "அப்பா லாரியையே நிறுத்தினவரு இல்ல!" என்று சொல்லிச் சிரிப்பான். எல்லோரும் சிரிப்பார்கள். வசந்தா மட்டும் சாம்பார் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

"நீங்கதான் என்னமோ எழுதறீங்களே," என்றாள் ஒருநாள். "அப்பா பேரை அதுல போடுங்களேன். களஞ்சியத்துலயே இருக்குன்னு காட்டினா அவன் வாய மூடுவான்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் கேட்ட சுலபமான காரியம் இது என்று நினைத்தேன்.

'நொச்சிக்குளம்' என்று புதுப்பக்கம் தொடங்கினேன். 'மாடம்பாக்கத்துக்கும் ராஜகீழ்ப்பாக்கத்துக்கும் இடையே எழில் கொஞ்சும் அழகிய குளம் நொச்சிக்குளம். பறவைகளின் சொர்க்கம். இதை மண் போட்டு மூட வந்த லாரியின் முன் நாற்காலி போட்டு அமர்ந்து காத்தவர் மாமனிதர் தணிகாசலம்' என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதினேன். நானே இரண்டு முறை படித்துப் பார்த்துப் பெருமைப்பட்டேன். மறுநாள் காலையில் பார்த்தால் 'எழில் கொஞ்சும்' போயிருந்தது. மத்தியானம் 'அழகிய' போயிற்று. சொர்க்கம் போயிற்று, மாமனிதர் போயிற்று. சாயந்திரம் மாமனாரே போய்விட்டார். மிஞ்சியது ஒரே வரி: 'நொச்சிக்குளம் ஒரு குளம்.' அதன் பக்கத்திலும் சின்ன எழுத்தில், 'சான்று தேவை'.

தினமும் மாமனாரை உள்ளே வைப்பேன். தினமும் ஊசிமுனை வெளியே எடுத்துவிடுவார். பக்கத்தோடு சேர்ந்து ஒரு 'உரையாடல்' பக்கம் இருக்கும், சண்டை போடுவதற்கென்றே. அதில் ஊசிமுனை எழுதியிருந்தார்: 'ஐயா, தணிகாசலம் என்பவருக்கும் தங்களுக்கும் உறவு ஏதேனும் உண்டா? இருந்தால் தாங்கள் அவரைப் பற்றி எழுதுவது முறையல்ல.'

நான் கொஞ்சமும் யோசிக்காமல், 'இல்லை' என்று எழுதிவிட்டேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனை. யார் இந்த ஊசிமுனை? முன்னே பின்னே தெரியாத ஒருவனுக்கு எங்கள் குளத்தின் மேல் என்ன வன்மம்? முதல் சந்தேகம் மனை வியாபாரி மேல். குளமே இல்லை என்று ஆக்கிவிட்டால் நாளைக்குப் பிளாட் போடலாமே! இரண்டாவது, எங்கள் சங்கச் செயலாளர். பராமரிப்புக் கூட்டத்தில் நான் கேள்வி கேட்டதை அவர் மறக்கவில்லை. மூன்றாவது என் மச்சினன். அவன் மேல்தான் எனக்குச் சந்தேகம் பலமாக இருந்தது.

செயலாளரை லிப்ட் இல்லாத எங்கள் கட்டடத்தின் படிக்கட்டில் வழிமறித்து, "ஊசிமுனைன்னா உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டேன். அவர் சட்டென்று கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "சுகர் டெஸ்டா சார்? எங்க கேம்ப் போடறாங்க?" என்றார். மச்சினனை ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டு, இலையில் வடையை வைத்துவிட்டு, "களஞ்சியத்துல நீ இருக்கியா?" என்று முகத்தையே பார்த்தபடி கேட்டேன். "அது என்ன மாமா, ஆப்பா? டவுன்லோடு பண்ணணுமா?" என்றான். அவ்வளவு இயல்பாகச் சொன்னான். எனக்குச் சந்தேகம் இன்னும் கூடிற்று.

இதையெல்லாம் யாரிடமாவது கொட்ட வேண்டாமா? சாயந்திரமானால் மொட்டை மாடிக்குப் போய் ஆதாரம் சாரிடம் கொட்டுவேன். ஆதாரம் சார் மேல் மட்டும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. உங்களுக்கு இந்நேரம் வந்திருக்கும், எனக்கு வரவில்லை. காரணம், அவரிடம் இருந்தது பழைய பட்டன் போன். 'நெட்டுல வர்றது எதையும் நம்பக் கூடாது சார்' என்று நூறு முறை சொன்னவர். அப்படிப்பட்டவர் போய் இணையத்தில் உட்கார்ந்திருப்பாரா?

"அந்த ஊசிமுனை மட்டும் என் கையில கெடைச்சான்னா!" என்பேன்.

"அவர் கேக்கறது ஒரு சான்றுதானே சார்? ஏதாவது பத்திரிகைல வந்திருந்தா காட்டிடுங்களேன்" என்பார் குளத்தைப் பார்த்தபடி.

அதுவும் நல்ல யோசனையாகப் பட்டது. எங்கள் பகுதியில் ஞாயிறுதோறும் வாசலில் போட்டுவிட்டுப் போகும் இலவசப் பத்திரிகை ஒன்று உண்டு. அதன் அலுவலகத்துக்குப் போய் மாமனார் கதையைச் சொன்னேன். அங்கிருந்த பையன் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டான். அடுத்த வாரமே, ஜிம் விளம்பரத்துக்கும் டியூஷன் விளம்பரத்துக்கும் நடுவில் 'லாரியை நிறுத்திய நாற்காலி' என்று வந்துவிட்டது. வசந்தா அதைக் கத்தரித்துப் பூஜை அலமாரியில் வைத்தாள். நான் ஓடிப்போய்க் களஞ்சியத்தில் மாமனாரை வைத்து, பக்கத்தில் பத்திரிகையைச் சான்றாகக் காட்டி, 'இப்போது என்ன சொல்கிறீர்?' என்றும் எழுதினேன்.

ஊசிமுனையின் பதில் வந்தது. 'கட்டுரையின் கடைசி வரியைப் படிக்கவும்.'

படித்தேன். பொடி எழுத்தில் இருந்தது: 'தகவல் உதவி: இணையக் கலைக்களஞ்சியம்.' அந்தப் பையன் நான் சொன்னதை நம்பவில்லை. களஞ்சியத்தில் நான் எழுதியிருந்ததை, ஊசிமுனை நீக்குவதற்கு முன் இருந்த கொஞ்ச நேரத்தில், அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறான். ஊசிமுனை கீழே தொடர்ந்திருந்தார்: 'நீங்கள் சொன்னதை அவர்கள் சொன்னார்கள். அவர்கள் சொன்னதாக நீங்கள் சொல்கிறீர்கள். இருவரும் கை கோத்துச் சுற்றி வருகிறீர்கள். நடுவில் சாட்சி எங்கே?' மாமனார் மறுபடி வெளியே போனார்.

வசந்தாவிடம் சொன்னேன். பூஜை அலமாரியிலிருந்து அந்தத் துண்டுப் பேப்பரை எடுத்து உள்ளே எங்கேயோ வைத்துவிட்டாள். எனக்கு ஊசிமுனையைக் கொன்றுபோடலாம் போல இருந்தது.

மாட்டிக்கொடுத்தது வடாம்தான். அந்த வாரம் நொச்சிக்குளம் பக்கத்தில் ஊசிமுனை ஒரு புகைப்படம் சேர்த்தார். 'நொச்சிக்குளம் ஒரு குளம்' என்பதற்குச் சான்றாம். மேலேயிருந்து எடுத்த படம், குளம் முழுசாகத் தெரிந்தது. நான் படத்தைப் பெரிதாக்கி, பெரிதாக்கிப் பார்த்தேன். இடது மூலையில், கைப்பிடிச் சுவரின் மேல் ஒரு வெள்ளைத் துணி நுனி. துணியில் வரிசையாக வடாம். அதன் ஓரத்தில் முக்கோணமாக ஒரு பழுப்புக் கறை. அது நான் இஸ்திரி போட்டுக் கருக்கிய என் வேட்டி! ஊசிமுனை எங்கள் மொட்டை மாடியில் நின்றிருக்கிறான். காக்காய் மேல் நம்பிக்கை இல்லாத ஒருவரைத் தவிர வேறு யார் அங்கே நிற்கப் போகிறார்கள்?

அன்று சாயந்திரம் அவரைக் காபிக்குக் கூப்பிட்டேன். வந்தார். வழக்கம்போல டம்ளரை முகர்ந்து பார்த்துவிட்டுக் குடிக்கத் தொடங்கினார். நான் கம்ப்யூட்டரைத் திருப்பிப் படத்தைக் காட்டினேன்.

"இது என் வேட்டி."

அவர் தலையைச் சாய்த்தார். "உங்களோடதுன்னு ஆதாரம்?"

நான் உள்ளே போய் வேட்டியைக் கொண்டுவந்து எதிரே விரித்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து சின்ன இரும்பு ஸ்கேலை எடுத்துக் கறையை மூன்று பக்கமும் அளந்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி அளந்தார். பிறகு வேட்டியை அழகாக மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, "ஒத்துப்போகுது சார். ஊசிமுனை நான்தான்" என்றார்.

நான் வேட்டியைக் கீழே எறிந்தேன். "பட்டன் போன் வெச்சுக்கிட்டு..."

"போன்தான் சார் பட்டன் போன். கம்ப்யூட்டரும் கேமராவும் இல்லன்னு நான் சொல்லலையே. நீங்களா முடிவு பண்ணிக்கிட்டீங்க."

"தினம் சாயந்திரம் உங்ககிட்டயே வந்து அழுதேனே! ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"சொன்னா நீங்க பழக்கத்துல கேப்பீங்க. கேட்டா விட்டுக் குடுத்துடுவேனோன்னு எனக்கு என் மேலயே சந்தேகம்." டம்ளரைக் கீழே வைத்தார். "நீங்களும் ஒண்ணு பண்ணீங்க சார். தணிகாசலம் உறவானு கேட்டதுக்கு இல்லன்னு எழுதினீங்க."

சமையலறை வாசலில் நின்றிருந்த வசந்தா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எங்கப்பா உங்களுக்கு உறவில்லையா?"

நான் வேட்டியை எடுத்து மறுபடி மடிக்க ஆரம்பித்தேன். நல்லவேளை, வசந்தா அதைத் தொடரவில்லை. வந்து மோடாவில் உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, ஆதாரம் சாரைப் பார்க்காமல் பேசினாள்.

"விடுங்க. அவர் கேக்கறதுல என்ன தப்பு? எங்க வீட்டுலயே யாரும் நம்பலை. எனக்கேகூட... அப்பா கொஞ்சம் அளப்பாரு. நானும் அவர் இருந்த வரைக்கும் சும்மா ஊம் கொட்டிட்டுதான் இருந்தேன். எங்கயாவது எழுதி வெச்சா எனக்காவது நம்பிக்கை வரும்னு பாத்தேன். அவ்வளவுதான்."

ஆதாரம் சார் மிச்சக் காபியை முகர்ந்து பார்க்காமலே குடித்து முடித்தார்.

"அது நடந்தது அக்கா," என்றார்.

அவர் அவளை மேடம் என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அக்கா என்றார்.

"என்ன சொல்றீங்க?"

"நடந்தது. நான் பாத்தேன். நாங்க அப்போ குளத்துக்கு அந்தப் பக்கம் வாடகைக்கு இருந்தோம். நான் ஆறாவது படிச்சுக்கிட்டிருந்தேன்."

நான் துள்ளி எழுந்தேன். "கண்ணால பாத்துட்டா தினம் தினம் அழிச்சீங்க?"

"நான் பாத்தது சான்று ஆகாது சார். அச்சுல வரணும். நாளைக்கு இன்னொருத்தன் வந்து, லாரியே வரலை, நான் பாத்தேன்னு சொன்னா அதையும் போட வேண்டியிருக்குமே!"

"அது கெடக்கட்டும்" என்று வசந்தா என்னை அடக்கினாள். "நீங்க என்ன பாத்தீங்க?"

வாழ்க்கையில் முதல் முறையாக ஆதாரம் சார் ஆதாரம் இல்லாமல் பேசினார்.

"உங்கப்பா பனியனோட இருந்தாரு. நாற்காலிய விரிக்கத் தெரியாம ரெண்டு மூணு தடவை மடக்கி மடக்கிப் பாத்தாரு. லாரி டிரைவரே எறங்கி வந்து விரிச்சுக் குடுத்தாரு. அப்புறம் பேப்பரப் பிரிச்சு மூஞ்சிக்கு நேரா வெச்சுக்கிட்டாரு. லாரி உறுமிக்கிட்டே நிக்குது. உங்கம்மா இங்க இருந்த பழைய வீட்டு வாசல்ல நின்னு கத்தறாங்க, 'கண்ணாடி இல்லாம அங்க என்னத்தப் படிச்சுக் கிழிக்கிறீங்க?'ன்னு."

வசந்தா வாயைப் பொத்திக்கொண்டாள். என் மாமியாரின் குரல் அப்படியே இருந்தது.

"உங்கம்மா என்னைக் கூப்பிட்டு, கண்ணாடிக் கூட்டைக் குடுத்து, போய்க் குடுத்துட்டு வாடான்னு அனுப்பினாங்க. நான் ஓடிப் போய் நீட்டினேன். அவரு வாங்கலை. பேப்பருக்குப் பின்னால இருந்தே மெதுவா சொன்னாரு, 'எடுத்துட்டுப் போயிடுடா கண்ணு. இப்ப லாரி மசமசன்னுதான் தெரியுது. கண்ணாடி போட்டா பக்கத்துல தெரியும். எழுந்து ஓடிடுவேன்'னு."

வசந்தா சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. பிறகு பார்த்தால் அது சிரிப்பாக இல்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். ஆதாரம் சார் பதறிப்போய் என்னைப் பார்த்தார்.

"இதை அப்பா எங்ககிட்ட சொன்னதே இல்ல," என்றாள் ஒருவழியாக. "பயந்தேன்னு சொன்னதே இல்ல."

அந்த மனிதரின் கதையை எத்தனை விருந்துகளில் கேட்டு நானும் மச்சினனோடு சேர்ந்து சிரித்திருக்கிறேன்! பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தார் என்று தெரிந்த பிறகு, அவர் மேல் எனக்கு முன்பு இருந்ததைவிடப் பத்து மடங்கு மரியாதை வந்தது. இட்டுக்கட்டுகிறவன் தன்னை வீரனாகத்தான் காட்டுவான். கண்ணாடி வேண்டாம் என்று சொன்ன கதையை யார் இட்டுக்கட்டுவார்கள்?

வசந்தா முகத்தைத் துடைத்துக்கொண்டு தம்பிக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்து ஆதாரம் சாரை மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். அவர் சொல்லி முடித்தார். மறுமுனையில் மச்சினன் கேட்டான், "சரி, இவர் யாருக்கா? இவர் சொல்றத எப்படி நம்பறது?"

ஆதாரம் சாரின் முகம் மலர்ந்துவிட்டது. "சரியான கேள்வி!" என்றார் என்னிடம், ரொம்ப சந்தோஷமாக.

ஆனால் மச்சினன் போனை வைக்கவில்லை. "அந்தக் கண்ணாடிக் கூடு என்ன நிறம் சார்?" என்று கேட்டான். "பச்சை. ஒரு பக்கம் நூல் பிரிஞ்சிருக்கும்" என்றார் இவர். அதன் பிறகுதான் மச்சினன் போனை வைத்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்தான். வீட்டுக்குள் வராமல் நேரே பின்னால் போய்க் குளக்கரையில் வெகு நேரம் நின்றான். அதற்குப் பிறகு லாரி பற்றி அவன் சிரித்து நான் கேட்கவில்லை.

களஞ்சியத்தில் மட்டும் மாமனாருக்கு இடம் கிடைக்கவில்லை. நான் கெஞ்சிப் பார்த்தேன். "சாட்சி நீங்களே சார்! கொஞ்சம் கண்டுக்காம விடக் கூடாதா?" என்றேன். "இப்போ முன்னவிட மோசம் சார். அக்கா கையால சாப்பிட்டிருக்கேன். நானும் வேண்டப்பட்டவன் ஆயிட்டேன்" என்று கையை விரித்துவிட்டார். அன்றைக்கும் வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக மாமனாரை நீக்கினார்.

போன வருஷம் அவருடைய கம்பெனி அவரை ஓசூருக்கு மாற்றிவிட்டது. சாமான் ஏற்றிய வண்டியை எத்திராஜ் கயிறு போட்டுக் கட்டினான். இவர் ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்தார். "போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் பண்ணுங்க" என்றேன். "சேர்ந்துட்டேன்னு நான் சொன்னா, நீங்க அத எப்படி நம்புவீங்க?" என்று கேட்டுவிட்டு ஏறிக்கொண்டார். அதே மாதிரி போன் பண்ணவும் இல்லை. நாங்கள் போட்டால் அந்தப் பட்டன் போன் அணைத்தே கிடந்தது. எண் தெரியாத அழைப்பை நம்பமாட்டார், தெரிந்த எண்ணை அதைவிட நம்பமாட்டார். மாதங்கள் ஓடின. நானும் களஞ்சியம் பக்கமே போகவில்லை. தனி ஆள், உடம்புக்கு ஏதாவது என்றால் யார் பார்ப்பார்கள் என்று வசந்தா அடிக்கடி கேட்க ஆரம்பித்தாள். வடாம் போட்டபோது நான்தான் காவல். காக்காய்கள் என்னை மதிக்கவில்லை.

மாமனார் திதி அன்று படையல் எல்லாம் முடிந்த பிறகு, வசந்தா கையைத் துடைத்துக்கொண்டு என் கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தாள். 'தொகு' எங்கே என்று கேட்டாள், காட்டினேன். நொச்சிக்குளம் பக்கத்தில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள்: 'இக்குளத்தை மூட வந்த லாரியின் முன் தணிகாசலம் என்பவர் கண்ணாடி அணியாமல் அமர்ந்திருந்தார்.'

"எடுத்துடுவாங்க வசந்தா," என்றேன்.

"எனக்குத் தெரியும். நீங்க சும்மா இருங்க."

சேமித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. நான் பாயசக் கிண்ணத்தைக் கையில் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் அதை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாயசம் ஆறி ஆடை படர்ந்தபோது அந்த வரி மறைந்தது.

'வரலாறு' பக்கத்தைத் திறந்தேன். ஊசிமுனை. நீக்கியதற்குக் காரணமும் இருந்தது: 'உண்மைதான். ஆனாலும் சான்று தேவை.'

வசந்தா அதை இரண்டு முறை படித்தாள். ஒரு பெருமூச்சு விட்டுப் பாயசக் கிண்ணத்தைக் கையில் எடுத்தாள்.

"நல்லாத்தான் இருக்காரு," என்றாள். "வாங்க, சாப்பிடலாம்."